துப்பாக்கிக்குப் பிள்ளையா? பிள்ளைக்குத் துப்பாக்கியா?

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி. பிரான்சு நாட்டில் ஷாத்தோரூ என்னும் ஊர். பாரீஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இறுதிச் சுற்று. மண்டியிட்டுச் சுட வேண்டும்; பிறகு படுத்துச் சுட வேண்டும்; கடைசியில் நின்று சுட வேண்டும்.

அதில் ஒரு இந்திய வாலிபர் நின்றார். பெயர் ஸ்வப்னில் குசாலே. வயது 28. மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் பின்தங்கி இருந்த அவர், நின்று சுடும் கட்டத்தில் முன்னேறினார். 451.4 புள்ளிகள் பெற்று வெண்கலப் பதக்கத்தைத் தட்டிச் சென்றார். அந்தப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.

அதே ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற பெண், கைத்துப்பாக்கியில் இரண்டு வெண்கலம் பெற்றார். ஒன்று தனியாக, மற்றொன்று சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து. துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியாவுக்கு மூன்று பதக்கங்கள்!

இந்தச் செய்தியைப் படித்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "அப்பா, நானும் சுடப் பழகட்டுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சின்னது. பதில் அவ்வளவு சின்னதல்ல. "எவ்வளவு விலையுள்ள துப்பாக்கி வாங்கலாம்?" என்பதுதான் பல பெற்றோருக்கு முதலில் தோன்றுகிறது. அது முதல் கேள்வி அல்ல. "இந்தத் துப்பாக்கி என் பிள்ளைக்குப் பொருந்துமா?" என்பதே முதல் கேள்வி.

"பாயிண்ட் டூ டூ" என்றால் என்ன?

பழகுவோர் கையில் முதலில் கொடுக்கப்படும் தோட்டாத் துப்பாக்கி ".22 ரைபிள்". அங்குலத்தை 100 பங்காகப் பிரித்தால் 22 பங்கு. ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அதுதான் குழலின் துவார அளவு. அதிலிருந்து பாயும் ஈயக் குண்டின் எடை வழக்கமாக இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம்.

இதை ஏன் பழகுவோருக்குக் கொடுக்கிறார்கள்? காரணம் இருக்கிறது. பெரிய துப்பாக்கி வெடிக்கும்போது தோளில் இடிக்கும். சத்தம் காதைப் பிளக்கும். பழக வந்தவர் பயந்து, விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிக்கொள்வார், தோளைக் குலுக்குவார். அந்தப் பயம் ஒருமுறை படிந்துவிட்டால் போக்குவது கஷ்டம். .22 ரைபிளில் இடி மிகக் குறைவு. தோட்டாவின் விலையும் பெரிய தோட்டாக்களைவிடக் குறைவு. ஆகவே பயமின்றிப் பல முறை சுட்டுப் பழகலாம்.

1948-ல் தொடங்கிய தேசிய மாணவர் படையில் சேர்ந்த லட்சக்கணக்கான மாணவ மாணவியர் முதன்முதலாகச் சுட்டது இந்த ரைபிளில்தான். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்த பல அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் "பாயிண்ட் டூ டூ" என்ற பெயர் இன்றும் நினைவிருக்கும்.

ஆனால் ஒன்று. "சின்ன" துப்பாக்கி என்றதும் விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. இதன் குண்டு, தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாயக் கூடியது. கல்லிலோ, தண்ணீரிலோ பட்டுத் திசை திரும்பும். உயிரையும் வாங்கும்.

படையில் ஒரு முறை. விளையாட்டில் ஒரு முறை

மாணவர் படையில் ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி ரைபிள். நெட்டையனுக்கும் அதுதான்; குட்டையனுக்கும் அதுதான். அங்கே ஆள்தான் துப்பாக்கிக்குத் தக்கபடி வளைந்து கொடுக்க வேண்டும். ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. சில தோட்டாக்கள் மட்டுமே சுடும் முகாமுக்கு அது போதும்.

குறி பார்க்கும் விளையாட்டில் கதை வேறு. அங்கே துப்பாக்கிதான் ஆளுக்குத் தக்கபடி அமைய வேண்டும். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல! அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டால் என்ன ஆகும்? கை நீளும், தோள் தொங்கும். சட்டையானால் சிரித்துவிட்டுப் போகலாம். துப்பாக்கியானால் பிள்ளையின் கழுத்து வலிக்கும், தோள் வலிக்கும், குண்டு எங்கோ போகும். "எனக்கு இது வராது" என்று பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடும். தவறு பிள்ளையிடம் இல்லை, பொருத்தியவரிடம் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ரைபிள் கிளப்புக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ரைபிளை எப்படிப் பொருத்த வேண்டும்? படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: காலியா என்று பார்

ரைபிளைத் தொட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. குழலின் முனை எப்போதும் குண்டு தாங்கும் மண்மேட்டையே பார்த்திருக்க வேண்டும். போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு, காலி என்பதைக் காட்டும் நிறமுள்ள பிளாஸ்டிக் கொடியை அதில் செருகி வைக்க வேண்டும். பொருத்தும் வேலை முழுவதும் கொடி செருகிய துப்பாக்கியில்தான் நடக்க வேண்டும். "இப்போதுதானே பார்த்தேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: எந்தக் கண் எஜமான்?

வலது கைப் பழக்கம் உள்ளவருக்கெல்லாம் வலது கண்ணே முக்கியக் கண் என்று சொல்ல முடியாது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துவாரம் உண்டாக்குங்கள். அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துவாரத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே எஜமான் கண்.

நம் மாணவிக்கு இடது கண் எஜமான் என்று தெரிந்தால், ஆரம்பத்திலேயே இடது தோளில் வைத்துப் பழகச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அது முடியாவிட்டால் இடது கண்ணுக்கு முன் ஒரு சிறு மறைப்பு வைத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுடுவது நல்லதல்ல. முகத் தசை இறுகும். திறந்த கண்ணும் சோர்ந்துபோகும்.

மூன்றாம் படி: கட்டையின் நீளம்

தோளில் பதியும் அடிக்கட்டைக்கும் விசைக்கும் இடையே உள்ள தூரம்தான் பொருத்தத்தின் உயிர்நாடி. முழங்கையை மடக்கி, அதன் உள் மடிப்பில் அடிக்கட்டையை வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைச் சிரமமின்றித் தொடுகிறதா? தொட்டால் நீளம் ஏறக்குறையச் சரி. எட்டவில்லையென்றால் கட்டை நீளம். நீளமான கட்டையைப் பிடிக்கும் பிள்ளை, எடையைத் தாங்க முடியாமல் முதுகைப் பின்னால் வளைக்கும். பல கிளப்புகளில் காணும் காட்சி இது!

நல்ல பயிற்சி ரைபிளில், அடிக்கட்டையில் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றலாம். சுடுவோர் அணியும் கனத்த மேலங்கியும் இடத்தை அடைக்கும். ஆகவே அங்கியோடுதான் அளவு பார்க்க வேண்டும்.

நான்காம் படி: கன்னம் எங்கே?

கன்னம் பதியும் பலகையின் உயரம் அடுத்தது. மாணவி கண்ணை மூடிக்கொண்டு, தலையை இயல்பாகக் கட்டையில் சாய்க்கட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். பின் குறியின் துவாரத்துக்கு நேராக அவள் கண் இருக்கிறதா? கண் கீழே இருந்தால் பலகையை உயர்த்த வேண்டும். மேலே இருந்தால் தாழ்த்த வேண்டும். கழுத்தை நீட்டியோ, கன்னத்தை அழுத்தியோ குறி தேட வைக்கக் கூடாது. அப்படித் தேடினால் ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

அதனால் என்ன மோசம் என்று கேட்கலாம். சிறு கணக்குப் போடுங்கள். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 75 சென்டிமீட்டர் இருக்கிறது என்று கொள்வோம். கண்ணருகே நேர்கோடு ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் இலக்கின் 10 புள்ளி வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு சட்டைப் பொத்தான் அளவு!

ஐந்தாம் படி: எடையும் வாரும்

பெரியவர்கள் போட்டியில் பிடிக்கும் ரைபிள் ஐந்தாறு கிலோ எடைகூட இருக்கும். கனம் இருந்தால் ஆட்டம் குறையும் என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் முதுகும் இடுப்பும் வேண்டும். பிள்ளைக்கு எடை குறைந்த ரைபிளே நல்லது. தொடக்கத்தில் மணல் மூட்டையின்மேல் ரைபிளைத் தாங்க வைத்துச் சுடலாம். அப்போது குறி பார்ப்பதையும் விசை இழுப்பதையும் மட்டும் கவனித்தால் போதும். பிறகு படுத்துச் சுடலாம். அப்புறம் மண்டியிடலாம். நின்று சுடுவது கடைசி.

படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது மேல்கையில் ஒரு வார் மாட்டுகிறார்கள். அதன் வேலை ரைபிளின் பளுவைத் தாங்குவது. வார் தளர்ந்தால் தசை உழைக்க வேண்டும், கை நடுங்கும். வார் மிகவும் இறுகினால் நாடித் துடிப்பு ரைபிளுக்கு ஏறும். ஒவ்வொரு துடிப்புக்கும் குறி துள்ளும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் சாமர்த்தியம்.

ஆறாம் படி: குறியும் விசையும்

"தொலைநோக்கி மாட்டினால் நன்றாகத் தெரியுமே?" என்று கேட்போர் உண்டு. தெரியும், கூடவே கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பழக வந்தவர் அதைக் கண்டு மிரண்டு, குறி நடுவில் வந்த கணத்தைப் பிடிக்க விசையை வெடுக்கென்று இழுப்பார். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளிலும் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக்கு இடமில்லை. பின்னால் ஒரு துவாரம், முன்னால் ஒரு வளையம், வளையத்துக்குள் கரும்புள்ளி. கரும்புள்ளியைச் சுற்றி வெண்மை நன்றாகத் தெரியும்படி, முன் வளையம் சற்றுப் பெரிதாகவே இருக்க வேண்டும். இறுக்கமான வளையம் கண்ணை ஏமாற்றும்.

விசை மிக லேசாக இருக்கக் கூடாது. கைபட்டாலே வெடிக்கும் விசை, போட்டியில் தேர்ந்தவருக்கு உரியது. பழகும் விரல், அழுத்தத்தை உணர்ந்து மெதுவாக இழுக்கக் கற்க வேண்டும். விசையைத் திருத்துவது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. திருப்புளி எடுத்து அப்பா செய்யும் வேலை அல்ல.

ஏழாம் படி: குண்டைத் துரத்தாதே

இப்போதுதான் தோட்டா. ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் ஒரு கொத்தாக விழுந்தால் பிடிப்பு சரி என்று பொருள். கொத்து நடுவில் விழாவிட்டால் கவலையில்லை, குறியைத் திருத்தலாம். கொத்து இடதுபுறம் விழுந்தால் பின் குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். கீழே விழுந்தால் பின் குறியை உயர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் குறியும் போகும்.

ஐந்தும் ஐந்து மூலைக்குப் போனால்? குறியைத் தொடாதீர்கள். கட்டையையும் கன்னத்தையும் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் குறியைத் திருகுவது, ஆடும் தராசில் எடைக்கல்லை மாற்றிக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

தோட்டாவையும் அடிக்கடி மாற்றக் கூடாது. கம்பெனி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். இன்னொன்று: தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது நல்ல பயிற்சி. ஆனால் .22 தோட்டாவின் மருந்து விளிம்பில் இருப்பதால், ரைபிளின் ஊசியும் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாதபோது சில ரைபிள்களில் ஊசி, தோட்டா அறையின் இரும்பு விளிம்பையே அடித்துக் கெடுத்துவிடும். ஆகவே ஆசிரியரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

காது, கண், கை

.22 ரைபிளின் சத்தம் சிறிது என்றாலும் ஏறத்தாழ 140 டெசிபல். செவிக்குத் தீங்கு செய்ய அது போதும். காதுமூடியும் கண்ணாடியும் கட்டாயம். குண்டு ஈயம், ஈயம் விஷம். சுடும் தளத்தில் தின்பண்டம் கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இது மிகமிக முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, .22 ரைபிளுக்கும் அதன் தோட்டாவுக்கும் லைசென்சு வேண்டும். 21 வயது நிறையாதவர் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இளைஞர்கள் விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சியின்போது சுடுவதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. 2019-ல் செய்த திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக வைத்திருக்கும் .22 ரைபிளுக்கும் காற்று ரைபிளுக்கும் மட்டும் அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. இந்தச் சின்ன ரைபிளை ஆயுதச் சட்டமே பெயர் சொல்லித் தனியாக வைத்திருக்கிறது!

இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் தொடங்கியது. மாநிலச் சங்கங்களும் கிளப்புகளும் அதனோடு இணைந்தவை. பிள்ளையைப் பழக்க விரும்புவோர் போக வேண்டிய இடம் அங்கீகாரம் உள்ள கிளப்தான். தோப்பும் மொட்டை மாடியும் அல்ல.

காற்று ரைபிள் என்ற முதல் வாசல்

பெரும்பாலான கிளப்புகளில் இன்று முதலில் கொடுப்பது .22 கூட அல்ல. 10 மீட்டர் காற்று ரைபிள். மருந்து இல்லை, பெரிய சத்தம் இல்லை, சிறு கூடமே போதும். அதன் 10 புள்ளியோ வெறும் அரை மில்லிமீட்டர். பென்சில் முனை வைத்த புள்ளி! 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012-ல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வென்றதும் இதில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான். கண், கட்டை, கன்னம் என்று மேலே சொன்ன பொருத்தம் அத்தனையும் காற்று ரைபிளுக்கும் பொருந்தும். அங்கே சரியாகப் பொருத்திப் பழகிய உடம்பு, .22-க்கு எளிதாக மாறிக்கொள்ளும்.

யாருக்கு எட்டும்?

இந்த விளையாட்டு ஏழைக்கு எட்டாக்கனி என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. உயர்ந்த ரக ரைபிள்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. தோட்டாச் செலவும் நிற்பதில்லை. போட்டி வாய்ப்புகளிலும் ஒரு குறை உண்டு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் துப்பாக்கி சுடுதல் இல்லை. 2026 கிளாஸ்கோ பட்டியலிலும் அதற்கு இடம் தரவில்லை.

ஆனால் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பிள்ளைக்குத் தேவை சொந்த ரைபிள் அல்ல. கட்டையையும் கன்னப் பலகையையும் மாற்றக்கூடிய ஒரு நல்ல ரைபிள் கிளப்பில் இருந்தால், பத்துப் பிள்ளைகள் அதில் பழகலாம். அதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். யாருக்குக் கட்டை எத்தனை தகடு, பலகை எத்தனை கோடு, வார் எந்தத் துவாரம், பின் குறி எத்தனை "கிளிக்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ரைபிளை எடுத்ததும் பிள்ளை தன் பக்கத்தைப் பார்த்துத் தானே அளவு வைக்கும். ஆசிரியர் சரிபார்ப்பார். பிள்ளை வளர வளரப் பக்கத்தில் எண்கள் மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளவெடுத்தால் போதும்.

ஆகவே, கிளப்புக்குப் போகும் பெற்றோர், அங்கே எத்தனை விலை உயர்ந்த ரைபிள்கள் சுவரில் நிற்கின்றன என்று எண்ண வேண்டாம். மூன்று விஷயம் பார்த்தால் போதும். காலி ரைபிள்களில் கொடி செருகியிருக்கிறதா? சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கட்டை வைத்திருக்கிறார்களா? பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய அந்த நோட்டுப் புத்தகம் மேஜைமேல் இருக்கிறதா?

மூன்றும் இருந்தால், பிள்ளையைத் தைரியமாக விட்டுவிட்டு வரலாம்.